பாஸ்போர்ட் நான்காவது கேள்வி

காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றுப் பக்கமாக இருக்கிறது ஓரிக்கை. அதற்கு ஒரு பழங்கதை உண்டு. பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டே போகச் சொன்னான். சீடன் போகிறான் என்றதும் குரு திருமழிசையாழ்வாரும் கிளம்பிவிட்டார். ஆழ்வார் கூப்பிட்டதால், திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மூவரும் அன்றிரவு தங்கிய இடம்தான் ஓரிக்கை. மன்னன் மன்னிப்புக் கேட்டதும் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். ஒரே ஓர் இரவுத் தங்கலை இந்த ஊர் இன்றுவரை கணக்கில் வைத்திருக்கிறது.

இரவுகளை இப்படி எண்ணுவதில் ஓரிக்கைக்குப் போட்டி பிரிட்டன் வரித்துறைதான். அங்கே 2013-இல் வந்த சட்டப்படி, நள்ளிரவில் நீங்கள் அந்த மண்ணில் இருந்தால் பொதுவாக அந்த நாள் உங்கள் கணக்கில் ஏறும். பதினோரு மணிக்கே விமானம் ஏறிவிட்டால் ஏறாது. ஒரு மனிதர் எந்த நாட்டுக்கு வரி கட்டவேண்டியவர் என்பதை முடிவுசெய்ய உலகம் கண்டுபிடித்திருக்கும் உத்திகளில் இது எளிமையான ஒன்று.

ஓரிக்கையில் தறி ஓடும் வீட்டிலிருந்து ஒரு பெண் பிரான்சின் லியோன் நகருக்கு வேலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி கட்டும்போதே சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: “அங்கேயே செட்டிலாகிடுவியா?” இந்த ஒரு கேள்வியைச் சட்டம் மூன்றாகப் பிரித்து மூன்று அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. யாருடைய குடிமகள் என்பது முதல் கேள்வி. எந்த நாட்டு வரித்துறை அவளைத் தன் ஆளாகக் கருதுகிறது என்பது இரண்டாவது. இதை வரி வசிப்பு என்று சொல்லலாம். வங்கிக்கு அவள் உள்ளூர்க்காரியா, வெளிநாட்டில் இருப்பவளா என்பது மூன்றாவது. காஞ்சிப் பட்டின் கோர்வை போலத்தான் இது. உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம் என்று மூன்று நாடாக்கள் தனித்தனியே ஓடுகின்றன. இழைகள் மாட்டிக்கொள்ளும் இடத்தில்தான் வேலையின் நுட்பம் தெரியும்.

இந்திய வருமான வரிச் சட்டம் நாள்களை எண்ணுகிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் இங்கே ‘வசிப்பவர்’. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. அந்த 182 மட்டும் அப்படியே நிற்கிறது. வேலைக்காக வெளிநாடு கிளம்பும் குடிமக்களுக்கு இதுதான் எல்லைக்கோடு. காலண்டரை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 153 நாள். செப்டம்பர் 28-இல் விமானம் ஏறினால் மொத்தம் 181. அந்த ஆண்டு முழுவதற்கும் அவள் ‘வசிக்காதவர்’, லியோன் சம்பளத்தை இந்திய வரித்துறை தொடாது. செப்டம்பர் 29-இல் ஏறினால் 182 ஆகிவிடும். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அந்த ஆண்டு இந்தியாவிலும் கணக்குச் சொல்லவேண்டும். ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் பலரும் மீனம்பாக்கத்தில் நள்ளிரவை ஒட்டித்தான் வரிசையில் நிற்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவது பன்னிரண்டுக்குச் சற்று முன்பா பின்பா என்பது ஒரு முழு நிதியாண்டின் தலையெழுத்தையே மாற்றிவிடக்கூடும்.

பிரான்ஸ் இப்படி எண்ணுவதில்லை. ஐரோப்பா என்றாலே 183 நாள் என்று பலர் சொல்வார்கள். பிரெஞ்சு வரிச் சட்டத்தின் 4பி பிரிவில் அந்த எண்ணே கிடையாது. உன் குடும்பம் எங்கே வாழ்கிறது, நீ முக்கியமாகத் தங்குவது எங்கே, உன் தொழில் எங்கே, உன் பொருளாதார நலன்களின் மையம் எங்கே என்றுதான் அது கேட்கிறது. இவற்றில் ஒன்றுக்கு விடை பிரான்ஸ் என்றாலே போதும். மனைவியும் பிள்ளைகளும் பாரிசில் இருக்க, வேலை நிமித்தம் ஆண்டில் எட்டு மாதம் வெளிநாடுகளில் சுற்றுகிறவரும் பிரான்சின் ஆள்தான். போதாக்குறைக்கு பிரான்சின் வரியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. செப்டம்பர் 29-இல் கிளம்பிய நம் பெண்ணை அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதமும் இரண்டு நாடுகளும் தன் ஆள் என்று உரிமை கொண்டாடும்.

அப்போது மூன்றாவதாக ஒரு தாள் மேசைக்கு வருகிறது. இந்தியாவும் பிரான்சும் 1992 செப்டம்பரில் கையெழுத்திட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் அது. 1994-இல் அமலுக்கு வந்தது. இத்தகைய ஒப்பந்தங்களின் வேர் முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலத்தில் இருக்கிறது. ஒரே வருமானத்துக்கு இரண்டு அரசுகள் வரி கேட்கும் தொல்லையைத் தீர்க்க, உலக நாடுகள் சங்கம் நான்கு பொருளியல் அறிஞர்களைக் கேட்டது. 1923-இல் அறிக்கை வந்தது. நால்வரில் ஒருவரான லூயிஜி எய்நாவ்தி பின்னாளில் இத்தாலியின் குடியரசுத் தலைவரானார். ஒருவரின் பொருளாதார வாழ்க்கை எந்த மண்ணில் ஊன்றியிருக்கிறது என்று பார்த்து வரியுரிமையைப் பிரிக்கலாம் என்பது அவர்களின் யோசனை.

ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவில் இருப்பதை முடிச்சவிழ்ப்பு விதி எனலாம். இரண்டு நாடுகளும் உரிமை கோரும் ஆளை ஒரு பக்கமாகச் சேர்க்கும் வரிசைக் கேள்விகள் அவை. நிரந்தர வீடு எங்கே? வாடகை அறையும் நிரந்தர வீடுதான், தொடர்ந்து அவள் வசம் இருந்தால் போதும். இரண்டு நாட்டிலும் வீடு இருந்தால் அடுத்த கேள்வி: உறவும் வரவும் நெருக்கமாக இருப்பது எங்கே? அதுவும் தெளிவாகாவிட்டால், வழக்கமாகத் தங்குவது எங்கே? இவை மூன்றும் கைவிட்ட பிறகே, நான்காவதாக, எந்த நாட்டுக் குடிமகள் என்று கேட்கிறார்கள். விமான நிலையத்தில் முதலில் நீட்டும் பாஸ்போர்ட், வரித்துறையில் நான்காம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் தீராவிட்டால் இரண்டு அரசுகளின் அதிகாரிகள் உட்கார்ந்து பேசி முடிக்கவேண்டும். ஒரு நெசவாளர் மகளின் வீடு எது என்று முடிவுசெய்ய இரண்டு குடியரசுகள் பேச்சுவார்த்தை நடத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது!

குடியுரிமைக்கும் வரிக்கும் இவ்வளவு தூரமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஓரிக்கையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் பயணம் செய்து புதுச்சேரிக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே தமிழ் பேசும் பிரெஞ்சுக் குடிமக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பிரான்சின் குடியரசுத் தலைவர் தேர்தலில் புதுச்சேரியிலேயே வாக்களிக்கிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பதால் இந்திய வரித்துறைக்கு அவர்கள் ‘வசிப்பவர்கள்’. ஒருவரின் வரியைக் குடியுரிமையோடு கட்டிப்போட்டிருக்கும் பெரிய நாடு அமெரிக்கா மட்டுமே.

அந்தக் குடும்பங்கள் முடிவெடுத்த விதம் தனிக் கதை. புதுச்சேரி முதலான பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-இல் இந்தியாவுக்குக் கைமாறியது. அதற்கான ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது, அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அன்று அந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எதுவும் செய்யாமலே இந்தியரானார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தகப்பனே முடிவுசெய்தார். தகப்பன் இல்லாவிட்டால் தாய். ஒரு விசித்திரமான விதிவிலக்கும் இருந்தது. பதினாறு வயதைத் தாண்டிய பையனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அவனே தேர்ந்துகொள்ளலாம். அந்த ஊர்களில் பிறந்து காஞ்சிபுரம் போல இந்தியாவின் வேறு பகுதியில் குடியிருந்தவர்களுக்கும் இதே ஆறு மாதம்தான். பாரிசிலோ சைகோனிலோ இருந்தவர்களுக்கு விதி தலைகீழ்: சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர், எழுதிக் கொடுத்தால் இந்தியர். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பிரான்சைத் தேர்ந்தார்கள் என்பார்கள். பெரும்பாலானவர்கள் சும்மா இருந்தார்கள். சும்மா இருப்பவர் எந்தப் பக்கம் போய்ச் சேர்வார் என்பதை எழுதிய கை யாருடையதோ, அந்த ஒப்பந்தத்தின் உண்மையான பலம் அந்தக் கையில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பணத்துக்கு வருவோம். லியோனில் இறங்கியதும் நம் பெண் ஒரு வட்டத்துக்குள் சிக்குவாள். அறை வாடகைக்கு வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு கேட்பார்கள். கணக்குக்குப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள். தங்கவைத்திருக்கும் தோழியிடம் ஒரு கடிதம் வாங்கி இதைக் கடக்கிறவர்கள் உண்டு. அப்படியும் வங்கி மறுத்தால் 1984-இன் வங்கிச் சட்டம் கைகொடுக்கிறது. பிரான்சில் வசிக்கும் யாருக்கும் கணக்கு வைத்திருக்கும் உரிமை உண்டு. நாட்டின் மைய வங்கியிடம் விண்ணப்பித்தால் அதுவே ஒரு வங்கியைக் கைகாட்டும்; அந்த வங்கி மறுக்க முடியாது.

கிடைக்கும் கணக்கு எண்ணைக் கவனியுங்கள். ஐபான் எனப்படும் பன்னாட்டுக் கணக்கு எண், பிரான்சில் 27 எழுத்து நீளம். அது பெரும்பாலும் ‘எஃப்ஆர்76’ என்றே தொடங்கும். எஃப்ஆர் என்பது நாடு. 76 என்பது சரிபார்ப்பு எண். மற்ற இலக்கங்களைத் தட்டச்சும்போது பிழை நேர்ந்தால் காட்டிக்கொடுக்க வைத்த காவல். கோடிக்கணக்கான கணக்குகளுக்கு ஒரே காவல் எண் எப்படி? விதி இதுதான்: முதல் நான்கு எழுத்தைக் கடைசிக்குத் தள்ளு, எழுத்துகளை எண்ணாக மாற்று (எஃப் 15, ஆர் 27), வரும் பிரம்மாண்ட எண்ணை 97-ஆல் வகு, மீதி 1 வரவேண்டும். பிரெஞ்சு வங்கிகளோ ஐபான் பிறக்குமுன்பே தங்கள் கணக்கு எண்ணின் கடைசியில் ஒரு சாவி எண் வைத்து, முழு எண்ணும் 97-ஆல் மீதியின்றி வகுபடும்படி செய்திருந்தன. அதனால் புதிய காவலுக்குச் செய்ய வேலையே இல்லை. நாட்டின் பெயர் விடும் மீதியான 22-ஐச் சரிக்கட்டினால் போதும். 98-இலிருந்து 22 போனால் 76.

ஏன் 97? இரண்டு இலக்கத்தில் அடங்கும் பகா எண்களில் அதுவே பெரியது. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் மொத்த எண், ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண்ணைப் பத்தின் ஏதோ ஓர் அடுக்கால் பெருக்கிய அளவுக்கு நகரும். அதை 97 ஒருபோதும் வகுக்காது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினாலும் அதே கதை. கைதவறும் இந்த இரண்டு வகைப் பிழைகளில் ஒன்றுகூடத் தப்பாது. நம் ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கமும் இத்தகைய காவல்தான். அதன் சூத்திரத்தை 1969-இல் தந்தவர் யாகோபுஸ் வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதர்.

காஞ்சிபுரத்தில் விட்டுவந்த சேமிப்புக் கணக்கு என்ன ஆகும்? 1999-இன் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 182-க்காகக் காத்திருப்பதில்லை. வேலைக்கென்று நாட்டைவிட்டுக் கிளம்பினாலே அதன் பார்வையில் அவள் வெளிநாட்டில் வசிப்பவள். ஆக, செப்டம்பர் 29 இரவு விமானத்தில் உட்கார்ந்திருப்பவள் வருமான வரிக்கு இந்தியாவில் வசிப்பவள், வங்கிக்கு வசிக்காதவள். பழைய கணக்கு, வசிக்காதவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாறவேண்டும். அங்கே சம்பாதித்ததை இங்கே போட்டுவைக்க என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வரி இல்லை என்றது இந்தியா. பிரான்சில் வசிப்பவரின் உலக வருமானம் முழுவதையும் பிரான்ஸ் கேட்கும், காஞ்சிபுரத்து வட்டி உட்பட. வெளிநாட்டுக் கணக்கு ஒவ்வொன்றையும் 3916 என்ற படிவத்தில் ஆண்டுதோறும் சொல்லவேண்டும். சொல்லாத கணக்கு ஒன்றுக்கு அபராதம் 1,500 யூரோ. யூரோவை நூறு ரூபாய் என்று போட்டாலே ஒன்றரை லட்சம். யாருக்குத் தெரியப்போகிறது என்று இருக்கவும் வழியில்லை. 2017 முதல் இந்தியா உட்படப் பல நாடுகள் கணக்கு விவரங்களை ஆண்டுக்கொருமுறை தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. யாரும் புகார் கொடுக்கவேண்டாம், யாரும் கேட்கவும் வேண்டாம்.

கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தால் பிரெஞ்சு வரி கொஞ்சம் இளகும். 1945-இல் வந்த முறைப்படி குடும்ப வருமானத்தைப் பங்குகளாகப் பிரிக்கிறார்கள்: கணவன் ஒன்று, மனைவி ஒன்று, முதலிரண்டு பிள்ளைகள் ஆளுக்கு அரை, மூன்றாவது பிள்ளை முழுசாக ஒன்று. வருமானத்தைப் பங்கால் வகுத்து, அந்தச் சின்னத் தொகைக்கு வரி கண்டு, மறுபடி பங்கால் பெருக்குவார்கள். சலுகைக்கு உச்சவரம்பு உண்டென்றாலும் மூன்றாவது பிள்ளைக்கு இத்தனை மரியாதை தரும் வரிக் கணக்கு அபூர்வம்.

ஐந்தாண்டு வாழ்ந்தபின் அவள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கலாம். அங்கேயே இரண்டாண்டு உயர்கல்வி முடித்திருந்தால் இரண்டே ஆண்டு. 2026 ஜனவரி முதல் மொழித்தேர்வின் தரம் உயர்ந்திருக்கிறது, குடிமைத் தேர்வும் சேர்ந்திருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுவிடு என்று பிரான்ஸ் சொல்வதில்லை. சொல்வது இந்தியா. 1955-இன் குடியுரிமைச் சட்டம், 9-ஆம் பிரிவு: விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும். பதிலுக்கு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கிடைக்கும். வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் வந்துபோகலாம், வீடு வாங்கலாம். வாக்கு இல்லை, பாலாற்றங்கரையில் கழனி வாங்க முடியாது, அப்பா வழியில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். லியோன் வரி அலுவலகத்துக்கு இந்த மாற்றம் எதுவும் பொருட்டில்லை. அடுத்த வசந்தத்திலும் அதே படிவம்தான் வரும்.

முப்பது ஆண்டு கழித்து அவள் ஓரிக்கைக்கே திரும்பினால்? இனி இங்கேதான் என்று வந்திறங்கினாலே வங்கிக்கு அவள் உள்ளூர்க்காரி, பாஸ்போர்ட் எந்த நிறத்தில் இருந்தாலும் சரி. என்ஆர்இ கணக்கை மாற்றச் சொல்வார்கள். வரித்துறை 182-ஐ எண்ணி அவளை வசிப்பவராக்கும், ஆனால் கூடவே ஒரு சலுகைக் காலமும் தரும். முந்தைய பத்தாண்டில் ஒன்பதில் வெளியே இருந்திருந்தாலோ, முந்தைய ஏழாண்டில் இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளுக்கு மிகாமல் இருந்தாலோ, ‘வழக்கமாக வசிக்காதவர்’ என்று ஓர் இடைநிலை. அது நீடிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, லியோன் வங்கியில் மிச்சமிருக்கும் பணத்தின் வட்டியை இந்தியா கேட்காது.