நாமக்கல்லை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஏற்காடு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் கண் வடக்கே மலையைப் பார்க்கும். அதே ரவுண்டானாவைச் சுற்றிக் குடியிருக்கும் பெற்றோரின் கண்ணோ தெற்கே, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாமக்கல்லில் நிற்கும். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் கல்யாண வீடு, மளிகைக் கடை, கோர்ட்டு வாசல் என்று எங்கே பார்த்தாலும் கேள்வி ஒன்றுதான்: "நாமக்கல்லுல போடறீங்களா, இல்ல இங்கயேதானா?"

இந்தக் கட்டுரை "இங்கயேதான்" என்று பதில் சொன்ன வீடுகளைப் பற்றியது. விடுதிக்கு அனுப்ப மனம் வராத வீடுகள் உண்டு. அனுப்பப் பணம் இல்லாத வீடுகளும் உண்டு. காரணம் எதுவானாலும், பிள்ளை பிளஸ் டூவுக்குப் போகும் ஜூன் மாதத்தில் ஒரு குற்ற உணர்வு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் விடுதியில் ராத்திரி பதினொன்று வரை படிக்கிறானாமே, நம்ம புள்ள பத்து மணிக்கே கொட்டாவி விடுதே என்ற பதைப்பு. அதை ஈடுகட்ட வீட்டையே விடுதியாக மாற்றுகிறார்கள். கேபிள் இணைப்பு நிற்கிறது. பாட்டியின் சீரியல் பறிபோகிறது. காலை நாலு மணிக்கு அலாரம் அடிக்கிறது. அப்பா வார்டன் ஆகிறார், அம்மா காப்பி போடும் வார்டன் ஆகிறார். ஆகஸ்டு வருவதற்குள் அந்த வீட்டில் அப்பா, அம்மா என்று யாருமே மிச்சமில்லை.

நாமக்கல் அப்படி என்னதான் செய்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முட்டைக்கும் கோழிக்கும் பேர் போன மாவட்டம் அது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு சுற்றுவட்டாரத்தில் விடுதிப் பள்ளிகள் பெருகியபோது தமிழ்நாடு அவற்றுக்கு 'பிராய்லர் பள்ளிகள்' என்று பேர் வைத்துச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் மே மாதம் விண்ணப்பம் வாங்க அங்கேயே வரிசையில் நின்றார்கள் என்பது வேறு விஷயம். மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007-08 சேர்க்கையிலிருந்து அது எடுக்கப்பட்டது. அதன் பிறகு டாக்டர் ஆவதும் இன்ஜினியர் ஆவதும் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றைத்தான் நம்பி இருந்தது. அந்த மதிப்பெண்ணை அச்சுப் பிசகாமல் எடுத்துத் தரும் இடத்துக்குக் கூட்டம் போனதில் ஆச்சரியம் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ போர்ஷனையே திரும்பத் திரும்ப ஓட்டுவது அந்தக் காலத்தின் ஊரறிந்த ரகசியம்.

இதற்கு அரசு போட்ட கடிவாளம் 2017-18 கல்வியாண்டில் வந்தது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 1,200 மதிப்பெண் 600 ஆனது. அதற்குச் சற்று முன்பு, 2017 மே மாதம், மாநில ரேங்க் பட்டியலையும் நிறுத்தினார்கள். அதே 2017இல் மருத்துவச் சேர்க்கை நீட் கைக்குப் போனது. இப்போது காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது என்ற வகையில் நல்ல முடிவுதான். ஆனால் பழைய சபலம் திரும்ப வரும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை உண்மையிலேயே நடத்துகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினோராம் வகுப்புப் பாடங்களிலிருந்து கேள்விகள் வரும். அந்த வருடத்தைத் தாண்டிக் குதித்தவர்கள் பயிற்சி மையத்தில் பணம் கட்டி அதே பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியதாகிறது.

நாமக்கல் முறையில் கெட்டதை மட்டும் பேசுவது நியாயம் ஆகாது. அங்கே ஒன்று சரியாக நடந்தது: தினமும் பரீட்சை. படித்தாயா என்று கேட்கமாட்டார்கள், எழுதிக் காட்டு என்பார்கள். இதன் பலனுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள்.

"நேத்து எல்லாம் தெரிஞ்சுதும்மா, இன்னிக்கு மறந்துபோச்சு" என்று பிள்ளை அழுவதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. திரும்பப் படிக்கும்போது தெரிந்த மாதிரி இருக்கும். அந்தத் 'தெரிந்த மாதிரி'தான் பரீட்சை ஹாலில் காலை வாரிவிடுகிறது. ஆக, நாமக்கல்லிலிருந்து எடுக்க வேண்டிய சரக்கு அந்தச் சின்னத் தேர்வு மட்டும்தான். பூட்டிய கேட்டையும் பிடுங்கிய தூக்கத்தையும் அங்கேயே விட்டுவிடலாம்.

சின்னத் தேர்வு வைக்க அப்பா பி.எஸ்சி. படித்திருக்க வேண்டியதில்லை. கொலுசுப் பட்டறையில் பத்த வைக்கிறவரும் வைக்கலாம், தறி ஓட்டுகிறவரும் வைக்கலாம். கணக்குப் பாடத்தில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண். அதில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள். இயற்பியல், வேதியியலில் 70க்கு 15. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டால் போதும். பைக்கில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும்போது அஞ்சு, சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் அஞ்சு. ஐந்து மதிப்பெண் விடையென்றால் பிள்ளை எழுதியதை அம்மா புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன வரிக்குப் பென்சிலில் கோடு போடலாம். அர்த்தம் புரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: தவறினால் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த நாள் பிள்ளை புத்தகத்தை உங்கள் கையில் தராது.

தூக்கத்தைப் பற்றிச் சேலத்தில் நம்பவைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். விடியற்காலையில் படித்தால் மனதில் பதியும் என்பதை நாம் வேதமாகவே வைத்திருக்கிறோம். சீக்கிரம் படுத்த பிள்ளைக்கு அது சரி. பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு நாலரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை தினமும் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. அந்த வயதில் தூக்கம் வரும் நேரமே உடம்பில் தள்ளிப்போகிறது. சோம்பேறித்தனம் என்று நாம் வைவது பல நேரம் வயதின் வேலை. பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி நினைவில் ஏற்றுவதும் தூக்கத்தில்தான். எட்டு மணி நேரம் முடியவில்லை என்றால் ஏழாவது கொடுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு அதிலும் கை வைக்கக் கூடாது.

போனைப் பிடுங்குவதா வேண்டாமா என்ற சண்டை எல்லா வீட்டிலும் நடக்கிறது. பிள்ளையின் போனை மட்டும் பீரோவில் பூட்டிவிட்டு அப்பா ரீல்ஸ் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் அந்த வீட்டில் எந்தச் சட்டமும் நிற்காது. பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும்.

மதிப்பெண் கணக்கிலும் பெற்றோருக்குத் தெளிவு வேண்டும். தெளிவு இல்லாத வீட்டில் எல்லாப் பாடத்துக்கும் ஒரே மிரட்டல்தான். பொறியியல் கட்-ஆஃப் 200க்கு: கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் ஒன்று முழுசாகப் போகும். வேதியியலில் போனால் அரைதான். தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும், ஆனால் அவை இந்தக் கூட்டலில் வராது. எம்.பி.பி.எஸ். என்றால் நீட் 720தான் எல்லாம். பிளஸ் டூவில் குறிப்பிட்ட குறைந்தபட்ச சதவீதம் இருந்தால் போதும், அதற்கு மேல் எடுப்பது சீட்டைத் தீர்மானிக்காது. எந்தப் படிப்புக்குப் போகப்போகிறோம் என்று பேசி முடிவெடுத்த வீட்டில் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓடு என்று சொல்லும் வீட்டில் டிசம்பர் அரையாண்டுக்குள் மூச்சு வாங்குகிறது.

அந்த முடிவில் பிள்ளையின் குரல் இருக்க வேண்டும். மருத்துவமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் தவிர வேறு படிப்பே இல்லாத மாதிரி பேசுகிறோம். கருப்பூரில் 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீட் இல்லாமல், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து அங்கே மாநில ஒதுக்கீட்டில் சேரலாம். சேலத்திலேயே 1960இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. தறிச் சத்தத்தில் வளர்ந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் வரும். பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இதையெல்லாம் ஜனவரியிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு கதவு மூடினால் அடுத்தது எது என்று தெரிந்த பிள்ளை வேறு மாதிரி பரீட்சை எழுதும்.

தெருவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மாசி, பங்குனியில்தான் நம் பக்கம் மாரியம்மனுக்கும் காளியம்மனுக்கும் நோன்பு சாட்டுகிறார்கள். மார்ச்சில்தான் பப்ளிக் பரீட்சை. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. கோயில் கமிட்டியில் இருக்கிறவர்கள் வீட்டிலும் பிளஸ் டூ பிள்ளை இருக்கும்; போய் நேரில் சொன்னால் கேட்காத கமிட்டி குறைவு. உறவுக்காரர்களைச் சமாளிப்பதுதான் அதைவிடப் பெரிய வேலை. "என்ன சாமி, எத்தனை மார்க் வாங்குவ?" என்று வருகிற மாமாவுக்கும் சித்திக்கும் பிள்ளையை முந்திக்கொண்டு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். அதைப் பார்க்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் தெம்பு எந்தச் சத்து மாவிலும் கிடைக்காது.

வாரத்தில் ஒரு சாயங்காலமாவது பிள்ளை வெளியே போகட்டும். வண்டிக்கடையில் நின்று ஒரு தட்டுவடை செட்டு சாப்பிட்டுவிட்டு, கூட்டாளிகளோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வரட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த ரேங்க்கும் கைநழுவிப் போய்விடாது.

இனி, பேசத் தயங்குகிற விஷயம். 2021 செப்டம்பரில் நீட் தேர்வு நாளன்று இதே சேலம் மாவட்டத்தில் ஓர் இளைஞரை இழந்தோம். அடுத்த நாள் சட்டமன்றம் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. அரசியல் அதன் வழியில் நடக்கும். வீட்டில் கவனிக்க வேண்டியது தனி. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வாய் மூடிவிட்டதா? சாப்பாடு பாதியில் நிற்கிறதா? பல நாள் ராத்திரி தூக்கம் இல்லையா? "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது போல் ஏதாவது சொன்னதா? படிப்பிலிருந்து தப்பிக்கப் போடும் நாடகம் என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த வாரப் பரீட்சை முடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மே மாதம் முடிவு வரும் காலையில் பெற்றோர் இருவரில் ஒருவராவது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். மதிப்பெண் குறைந்தால் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். தேர்ச்சி பெறாவிட்டால் அதே கோடையில் துணைத்தேர்வு வருகிறது. அதில் தேறி அதே வருடமே கல்லூரியில் சேர்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இதைப் பிள்ளைக்கு முடிவு வந்த பிறகு சொல்லக் கூடாது, பரீட்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கூடவே மூன்று எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் படிக்கும் மேசைக்கு எதிரில் ஒட்டிவிடுங்கள்: பள்ளிக்கல்வித் துறையின் வழிகாட்டி எண் 14417, மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416. பிள்ளை மட்டுமல்ல, நீங்களும் அழைக்கலாம்.