மனச்சோர்வும் மருந்தும்

சென்ற கார்த்திகை முதல் மாசி வரை நடந்த சங்கக் கூட்டங்களில் என்னைக் காணாத நண்பர்கள், நான் ஊருக்குப் போயிருந்ததாக எண்ணியிருக்கலாம். போகவில்லை. விடுதி அறையில்தான் படுத்திருந்தேன். எல்லாம் தில்லிக் குளிரின் வேலை என்றே முதலில் நானும் நம்பினேன். ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய சோதனை பாதியில் நின்றது. அம்மா தொலைபேசியில் “சாப்பிட்டாயா?” என்று கேட்கும்போதெல்லாம் “ஆயிற்று அம்மா” என்று பொய் சொன்னேன். கடைசியில் மேல்மாடியிலிருக்கும் கும்பகோணத்து அண்ணன் ஒருவர் கதவைத் தட்டி, “தம்பி, சட்டையை மாட்டிக்கொள், டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம்” என்று கையோடு அழைத்துச் சென்றார். அங்கே அறிந்தவற்றையும், தேறிய பிறகு படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

துக்கம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. துக்கத்துக்கு நடுவிலும் நல்ல காபி ருசிக்கும். நோயிலோ எதுவும் ருசிப்பதில்லை. இரண்டு வாரத்துக்குக் குறையாமல், நாளின் பெரும்பொழுது மனம் இருண்டு, விருப்பமானவற்றிலும் நாட்டமற்று, தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலையும் நின்றால் டாக்டர்கள் இதை நோய் என்று கருதுகிறார்கள். தைராய்டுக் குறைவும் இதே போல் தோன்றக்கூடும். எனவே முதலில் இரத்தம் எடுத்தார்கள். “எப்போதாவது தூக்கமே வேண்டாமல் அளவுமீறிய உற்சாகம் இருந்ததுண்டா?” என்றும் டாக்டர் கேட்டார். அத்தகைய நோய்க்கு வைத்தியமே வேறாம். பிறகு, “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்டார். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. எனக்கோ, ஒருவராவது கேட்டாரே என்று நெஞ்சு லேசாயிற்று.

இனி மருந்துக்கு வருவோம். இரசாயன மாணவனாதலால் இங்கே சற்று அதிகம் பேசினால் பொறுத்தருள்க. இந்நோய்க்கான முதல் மருந்துகளை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள ஸீ வியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியஸிட் என்ற ஹைட்ரஸின் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள்! ஆடும் படம் பத்திரிகைகளிலும் வந்தது. 1957இல் நேதன் கிளைன் முதலியோர் அதை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தினர். ஆனால் அது ஈரலைக் கெடுத்ததால் பின்னர் கைவிடப்பட்டது. சுவிட்சர்லாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. மனப்பிளவு நோய்க்கென்று கைகி கம்பெனி அனுப்பிய இமிப்ரமின், அந்நோய்க்குப் பயன்படவில்லை. ரோலண்ட் கூன் என்ற டாக்டர் அதை 1956இல் மனச்சோர்வுற்றோருக்குக் கொடுக்க, அவர்கள் தேறினார்கள். மறு ஆண்டு ஸூரிச் மகாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது கேட்க வந்தவர் ஏறக்குறைய ஒரு டஜன் பேரே!

இன்று பெரிதும் வழங்குவன ஃப்ளூவாக்ஸெடின், எஸ்ஸிடாலோப்ராம் போன்றவை. ஃப்ளூவாக்ஸெடினை அமெரிக்க அரசு 1987இல் அனுமதித்தது. நரம்பணுக்களுக்கு இடையே சுரக்கும் ஸெரொடோனின் மீண்டும் உறிஞ்சப்படாமல் இவை தடுக்கின்றன. இந்தத் தடை சில மணி நேரத்திலேயே ஏற்பட்டுவிடுகிறது. மனமோ தேற இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. ஆதலால் “ஸெரொடோனின் குறைந்தது, ஊற்றி நிரப்பினோம்” என்னும் எளிய விளக்கம் எனக்குத் திருப்தியளிக்கவில்லை. மருந்து வேலை செய்வது உண்மை. எப்படி என்பது இன்னும் முழுதும் விளங்காததும் உண்மை.

முதல் வாரம் எனக்குக் குமட்டலும் தூக்கக் கேடும் தவிர வேறொரு லாபமும் இல்லை. பலர் இங்கேதான் மாத்திரையை வீசிவிடுகிறார்கள். நம் வயதினர் இன்னொன்றும் அறிய வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவரில் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகக்கூடும். ஆகவே அந்நாட்களில் உடன் ஒருவர் இருப்பதும், டாக்டரை அடிக்கடி பார்ப்பதும் அவசியம். கும்பகோணத்து அண்ணன் தம் படுக்கையையே என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டார். (அவருடைய குறட்டையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.)

மருந்தின்றியும் வழி உண்டு. லேசான சோர்வுக்குப் பேச்சு வைத்தியமே பெரும்பாலும் போதும். கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வுடைய 495 பேரிடையே ஒரு சோதனை நடந்தது. முடிவு 2016இல் வெளியாயிற்று. டாக்டர் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு முதல் எட்டுத் தடவை உட்கார்ந்து பேசினார்கள். தத்துவம் பேசவில்லை. விட்டுப்போன சிறு வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக மீண்டும் செய்ய வைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுள் நூற்றுக்கு 64 பேர் தேறினர். இவ்வுதவி பெறாதோரில் தேறியவர் 39.

இதன் சூட்சுமம் எளிது. மனம் வந்தால் எழுவோம் என்று காத்திருந்தால் மனம் வராது. எழுந்தால், சில நாள் கழித்து மனம் பின்னால் வருகிறது. என் பட்டியலின் முதல் வரி: “பல் துலக்குதல்.” சிரிக்காதீர்கள். அன்று அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இரண்டாம் வாரம் மெஸ்ஸுக்கு நடந்தேன். நான்காம் வாரம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அப்பா, “வெளியே சொல்லாதே” என்றார். அவர் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் எழுதுகிறேன். ஏனெனில் இவ்விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பவன் நான் ஒருவன் மட்டுமல்லன்.

தட்ட அண்ணன் இல்லாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

தேறிய பின்பும் ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும். நிறுத்துவதானாலும் டாக்டர் சொற்படி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். எனக்கு அடுத்த பரிசோதனை ஐப்பசியில். பாதியில் நின்ற சோதனையைச் சென்ற திங்களன்று மறுபடி தொடங்கினேன். முதல் நாளே ஒரு குடுவையை உடைத்துவிட்டேன்.