ஊருக்கு உழைத்தவர் படுக்கையில் விழுந்தார்!

ஊர்க் காரியம் என்றால் முதல் ஆளாக ஓடி வருவார். ஒரு வருடம் போகும். திடீரென்று, "போதும்டா சாமி" என்று ஒதுங்கி விடுவார். "ஆரம்ப ஜோர் தீர்ந்து போச்சு" என்று நாமும் கேலி பேசுவோம்.

அது ஜோர் தீர்ந்ததல்ல, ஆளே தீர்ந்து போனது என்று சொன்னவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர். அமெரிக்க மனோதத்துவ நிபுணரான அவரே அதில் சிக்கித் தவித்தவர்!

நள்ளிரவு வரை

1970-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான ஓர் இலவச ஆஸ்பத்திரியில் அவர் தொண்டு செய்தார். பகலெல்லாம் சொந்தத் தொழில். இருட்டியதும் இலவச ஆஸ்பத்திரி. போதைப் பழக்கத்தில் விழுந்த இளைஞர்கள் அங்கே வருவார்கள். அவர் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும்.

ஒரு நாள் குடும்பத்தோடு வெளியூர் கிளம்ப வேண்டும். மனிதரால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை!

கூட உழைத்த தொண்டர்களும் இப்படியே ஓய்ந்து போவதை அவர் பார்த்தார். 1974-ல் கட்டுரை எழுதினார். அதற்கு அவர் சொன்ன பெயர் "பர்ன்-அவுட்". அதாவது, எரிந்து தீர்ந்து போவது.

விடாத ஜலதோஷம்

ஜலதோஷம் விடாது. தலைவலி, வயிற்றுக் கோளாறு வரும். தூக்கம் வராது. தொட்டதற்கெல்லாம் கோபம், எல்லோர் மீதும் சந்தேகம். வேலை நேரம் கூடும், வேலை மட்டும் நகராது. பெரும்பாலும் சேர்ந்த ஒரு வருடத்தில் இது தலைகாட்டும் என்றார் அவர்.

யாரைப் பிடிக்கும்?

ஏனோதானோ ஆசாமியை அல்ல, மனசு வைத்து உழைப்பவரைத்தான்! அவருக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. "இன்னும் செய்" என்று மனசு விரட்டும். உதவி கேட்டு வரும் கூட்டம் குறையாது. மேலே இருப்பவர்களும் வேலையை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

"நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது" என்று நினைப்பவரும், வேறு வாழ்க்கையே இல்லாமல் தொண்டே கதி என்று கிடப்பவரும் சீக்கிரம் மாட்டிக் கொள்வார்கள்.

லீவு கொடுங்கள்!

ஒரே ஆளை ஒரே கஷ்டமான வேலையில் தினமும் போடக் கூடாது. ஆளை மாற்ற வேண்டும், நேரத்துக்குக் கணக்கு வேண்டும், லீவு வேண்டும். இதுவே அவர் சொன்ன வழி.

இது நோய் அல்ல, வேலையில் தீராத நெருக்கடியால் வரும் நிலை என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனமும் கூறியது. ஆளைத் திட்டிப் பிரயோசனமில்லை. வேலையைப் பங்கு போட வேண்டும்.

அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுக்கும் புண்ணியவான்கள் ஒரு நாள் கரண்டி பிடிக்கவும் வரட்டும். அன்றைக்கு ஒரு தொண்டர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்!