வயலில் ஈரம் பதியும் கருவிக்கு எந்தச் சில்லு ஏற்றது?

வேர்ப் பகுதியில் ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்பதை அறிந்து நீர் பாய்ச்சினால் நீரும் மிச்சமாகும், பயிரும் வாடாது. மண்ணில் ஓர் ஈர உணரியைப் பதித்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளும் சிறு கருவியை இன்று குறைந்த செலவில் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் மூளையாகிய சில்லைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பருவத்திலேயே பாட்டரி தீர்ந்துவிடும். விடுபட்ட பதிவை அடுத்த பருவத்தில்தான் எடுக்க முடியும்.

வேகம் முக்கியமன்று

ஈரத்தை அளந்து குறிக்க இரண்டு நொடி போதும். மற்ற நேரமெல்லாம் கருவி சும்மாவே இருக்கிறது. ஆகவே சில்லின் வேகத்தைப் பார்க்க வேண்டாம். உறக்க நிலையில் அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதைப் பாருங்கள்.

மூன்று வகைகள்

1. ராஸ்பெர்ரி பை: இது ஒரு முழுக் கணினி. இதன் 4ஆம் மாதிரி சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ அரை ஆம்பியர் எடுக்கும். திடீரென மின்சாரம் நின்றால் நினைவு அட்டை கெடவும் கூடும். வயலுக்கு ஏற்றதன்று.

2. ஈ.எஸ்.பி. 32: வைஃபை உள்ளது. ஆழ்ந்த உறக்கத்தில் சில்லுக்குச் சுமார் 10 மைக்ரோ ஆம்பியரே போதும். செய்தி அனுப்பும்போது 200 மில்லி ஆம்பியரையும் தாண்டும். வீட்டு வைஃபை எட்டும் தோட்டத்துக்கு ஏற்றது. பதிவுகளைச் சேர்த்து வைத்து நாளுக்கு ஒரு முறை அனுப்புங்கள்.

3. ஏ.டி. மெகா 328பி: சிறிய 8 பிட் சில்லு. நிரலுக்கு 32 கிலோபைட் இடம் உண்டு. பதிவு மட்டும் போதுமென்றால் இதுவே சிறந்தது.

பாட்டரிக் கணக்கு

பாட்டரியின் கொள்ளளவு 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்று கொள்வோம். உறக்கத்தில் கருவி முழுவதும் 0.2 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 4.8 மில்லி ஆம்பியர்-மணி செலவாகும். நாளுக்கு 96 முறை, முறைக்கு 2 நொடி வீதம் 10 மில்லி ஆம்பியரில் விழித்திருக்க 0.5 ஆகும். மொத்தம் 5.3. அதாவது ஏறத்தாழ 375 நாட்கள். வெயிலாலும் பழமையாலும் பாதி குறைந்தாலும் ஒரு பருவம் தாங்கும்.

இதே சில்லு ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருந்தால், பலகையின் விளக்கும் மற்ற உறுப்புகளும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். அதே பாட்டரி 40 மணி நேரத்தில் தீரும். ஆகவே பலகையில் பழகிப் பார்த்தபின், வயலுக்குச் சில்லை மட்டும் தனியே பொருத்துங்கள்.

கவனிக்க வேண்டியவை

* அளக்கும் நேரத்தில் மட்டும் உணரிக்கு மின்சாரம் செல்லுமாறு அமைக்க வேண்டும்.
* நேரம் பிசகாதிருக்க டி.எஸ். 3231 கடிகாரச் சில்லைச் சேர்க்கவும். ஆண்டுக்கு ஒரு நிமிட அளவே பிழை வரும்.
* வயலில் வைக்குமுன், கருவி உறங்கும்போது எடுக்கும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால் குறையைக் களைந்த பின்னரே வயலுக்குக் கொண்டு செல்லுங்கள்.