பாரமும் கிழமையும்

மாலை வேளையில் வெள்ளவத்தைக் காலி வீதி வழியே நடப்போருக்கு, கடைமாடிகளிலிருந்து இரும்புத் தட்டுகள் மோதும் ஓசை கேட்பதுண்டு. எழுதுவினைஞர், மாணவர், கடைச் சிப்பந்திகள் எனப் பலரும் அங்கே பளுதூக்கிப் பயில்கின்றனர். அவர்களுட் சிலர், சென்ற நாளெல்லாம் தம்மால் இயன்ற உச்சப் பாரத்தையே தூக்க முனைகின்றனர். முதல் மூன்று மாதம் பலன் தெரிகிறது. பின்னர் ஏற்றம் நின்று, முழங்காலும் இடுப்பும் நோவெடுத்து, ஆளே வராமற் போய்விடுகிறார். ஊக்கத்தில் குறையில்லை, கிழமைக் கணக்கே பிழைத்தது.

வலிமை தூக்கும் வேளையில் உண்டாவதன்று. தூக்கி ஓய்ந்த பின் உண்டாவது. கடும் பயிற்சிக்குப்பின் தசைப்புரதம் உருவாகும் வேகம் ஒரு நாளில் இருமடங்காகி, ஒன்றரை நாளில் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்புவதை 1995 இல் வெளியான கனடிய ஆய்வொன்று காட்டிற்று. மூட்டுகள் தேறுவதற்கோ இன்னும் நாட்செல்லும்.

இதற்கிசைந்ததே 'கடினம், இலேசு, நடுத்தரம்' என்னும் வாரமுறை. 1930களிலேயே அமெரிக்காவில் வழங்கிய இதனை, பில் ஸ்டார் 1976 இல் எழுதிய நூல் பரப்பிற்று. ஒருவர் 80 கிலோவைத் தோளில் தாங்கி ஐந்து முறை குந்தி எழ வல்லவராயின், திங்களன்று அதனையே தூக்கட்டும். புதனன்று 64 கிலோ; வெள்ளியன்று 72. அடுத்த திங்களில் 82.5 கிலோவை முயலலாம். வெள்ளி மாலை கோயிலுக்குச் செல்வோர் சனிக்கு மாற்றிக்கொள்ளலாம். நாளன்று, இடைவெளியே முக்கியம்.

புதனன்று முற்றாக ஓய்ந்தாலென்ன? ஓயலாம். ஆயினும் இலேசான பாரம் செம்மையான அசைவை உடலுக்கு நினைவூட்டும். இறுகிய தசையும் இளகும். பக்கத்துத் தம்பி 100 கிலோ தூக்குகையில் நாம் 64 உடன் நிற்பதுதான் கடினம். அங்கே வருந்துவது தசையன்று, மானம்!

பல்கேரியப் பயிற்றுநர் இவான் அபஜியேவ், நாள்தோறும் உச்சப் பாரம் தூக்குவித்தே ஒலிம்பிக் வீரரை உருவாக்கினாரே எனலாம். உண்மை. அவ்வீரர்க்கு அதுவே முழுநேரத் தொழில். 1988 இல் சியோலில் அவ்வணியினர் இருவர் ஊக்கமருந்தால் தங்கப்பதக்கம் இழந்ததையும் மறத்தற்கில்லை. வேலூர் சதீஷ் சிவலிங்கத்தையும் பாருங்கள். பொதுநலவாய விளையாட்டுகளில் 77 கிலோ பிரிவில் இருமுறை தங்கம் வென்றவர்; 2014 இல் 328 கிலோ தூக்கியவர், 2018 இல் தூக்கியது 317. உச்சநிலை எந்நாளும் நிற்பதன்று.

கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்குச் சென்று மூடை சுமக்கும் நாட்டாமைமாருக்கு இக்கணக்கு வேறு. அவர்களது கடினநாளை வகுப்பது பயிற்சி ஆசானல்லர், லொறியே. சுமை மிகுந்த நாளின் மாலையில் அவர்கள் பயிலுவதாயின், அட்டவணை யாது கூறினும், அன்று இலேசுநாளே.