தில்லி வீட்டில் எளிய கொலு

மகாளய அமாவாசை நெருங்கும்போது தலைநகர்வாழ் நம்மவர் இல்லங்களில் ஒரு கவலை எழுகின்றது. பரம்பரைப் பொம்மைகளோ ஊரில், பரண்மீது. இங்கிருப்பவை இரண்டே அறைகள். கொலுவைக் கைவிட்டால், தில்லியிலேயே பிறந்த குழந்தைக்கு அது கேள்விப்பட்ட செய்தியாகவே நின்றுவிடும்.

படிகளுக்குத் தகரப் பெட்டிகளும் பலகைகளும் போதும். வெளுத்த வேட்டியை விரித்துவிட்டால் வேற்றுமை தெரியாது. ஒற்றைப்படை எண்ணே முறையாதலின் மூன்று படிகளே அமையும். உத்தம் நகர்க் குயவர் குடியிருப்பில் சிறு மண்சட்டிகள் மலிவாகக் கிடைக்கும். அரிசி, பருப்பு நிரப்பினால் செட்டியார் கடை ஆயிற்று. செட்டியாரைக் குழந்தைகளே களிமண்ணில் பிடிக்கட்டும். தொந்தி சற்றுக் கோணினாலும் பாதகமில்லை!

தோட்டத்துக்குக் கடுகு ஏற்றது. அகன்ற தட்டில் ஒரு விரற்கடை மண் பரப்பி, கடுகைத் தூவி, நீர் தெளித்து, ஈரத்துணியால் மூடுக. முளை கண்டதும் துணியை நீக்கிவிடல் வேண்டும். நான்கைந்து நாளில் பசுந்தரை காணலாம். அண்டைவீட்டுப் பஞ்சாபியரும் நவராத்திரியில் மண்சட்டியில் வாற்கோதுமை முளைக்கவைப்பதுண்டு. நம் முளைப்பாரிக்கு அது நெருங்கிய உறவு என்றே எண்ணுகிறோம்.

தில்லியை அடுத்த ஹரியானா ஊர்களில் சிறுமியர் களிமண்ணால் விண்மீன், பிறை, வளையல் செய்து, சுவரில் சாணத்தால் ஒட்டி, 'சாஞ்ஜி' தேவியை அமைப்பர். அவ்வுருக்களையே அட்டையில் கோந்தால் ஒட்டிக் கொலுவின் பின்புறம் நிறுத்தலாம். சுவருக்குச் சேதமில்லை, வீட்டுக்காரருக்கும் கோபமில்லை.