குல்டா திருப்பிக் கொடுத்த மோதிரம்

ஐரோப்பிய செவ்வியல் இசையைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு எண்ணம் உண்டு. எல்லாமே காகிதத்தில் எழுதி வைத்தது, வாசிப்பவர் அதை அப்படியே ஒப்பிக்கிறார், மனோதர்மத்துக்கு அங்கே இடமே கிடையாது என்று. இன்றைய கச்சேரி அரங்குகளைப் பார்த்தால் அது பெரும்பாலும் சரிதான். ஆனால் முன்பு அப்படி இல்லை. நடுவில் ஏதோ ஒன்று தொலைந்துபோனது. தொலைந்ததைத் தேடி, கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டே இருந்தவர் வியன்னாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் ஃப்ரீட்ரிக் குல்டா. கொஞ்ச நாளாக அவருடைய பதிவுகளையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எடுத்து வைத்த குறிப்புகளை இங்கே கோர்த்துப் போடுகிறேன்.

முதலில் தொலைந்த கதை. 1747-இல் பாக், போட்ஸ்டாம் அரண்மனையில் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃப்ரீட்ரிக் கொடுத்த ஒரு மெட்டை வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு ஃபியூக் வாசித்துக் காட்டினார். மோட்சார்ட் தன்னுடைய கன்செர்ட்டோக்களில் பியானோ பகுதியைச் சில இடங்களில் எலும்புக்கூடாக மட்டும் எழுதி வைத்தார். மேடையில் வாசிக்கப்போவது அவரேதானே, பிறகு எதற்கு முழுசாக எழுதணும்? ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் நின்றுவிட, தனிக் கலைஞர் மட்டும் வாசிக்கிற கடென்சா என்ற பகுதி அன்றைக்கு வாசிப்பவரின் சொந்தச் சரக்கு. பீத்தோவன் வியன்னாவுக்கு வந்த புதிதில் பேர் வாங்கியதே இந்த உடனடிக் கற்பனையால்தான்.

ஆனால் கதவைச் சாத்த ஆரம்பித்ததும் அதே பீத்தோவன்தான். 1809-இல் எழுதிய ஐந்தாவது பியானோ கன்செர்ட்டோவில், கடென்சா வரவேண்டிய இடத்தில், 'இங்கே கடென்சா வேண்டாம், நேராக அடுத்த பகுதிக்குப் போ' என்கிற பொருளில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். காது கேட்காமல் போய்க்கொண்டிருந்த காலம். இனி தன் இசையை மற்றவர்கள்தான் வாசிக்கப் போகிறார்கள், அவர்கள் நடுவில் என்ன நுழைப்பார்களோ என்ற கவலை அவருக்கு இருந்திருக்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய மாணவர் செர்னி 1829-இல்கூட உடனடியாக வாசிப்பது எப்படி என்று ஒரு பாடநூல் போட்டார். அதாவது அன்றும் அது கற்றுக்கொடுக்கிற விஷயமாகத்தான் இருந்தது. அப்புறம் இசைக் கல்லூரிகள் வந்தன, பரீட்சைகள் வந்தன, போட்டிகள் வந்தன. எழுதியிருப்பதை எவ்வளவு துல்லியமாக வாசிக்கிறாய் என்பதற்கு மதிப்பெண் போடலாம். நீயாக என்ன வாசிக்கிறாய் என்பதற்கு எப்படிப் போடுவது? இயற்றுபவர் வேறு, வாசிப்பவர் வேறு என்று ஆனது இப்படித்தான்.

இந்தக் கல்வியின் நல்ல பிள்ளையாகத்தான் குல்டா வளர்ந்தார். 1930 மே 16 அன்று வியன்னாவில் பிறந்தவர். 12 வயதில் அங்கே இருந்த இசை அகாதமியில் சேர்ந்து, புரூனோ ஸைட்ல்ஹோஃபரிடம் பியானோ படித்தார். 1946-இல், 16 வயதில், ஜெனீவா போட்டியில் முதல் பரிசு. 1950-இல் நியூயார்க் கார்னகி ஹாலில் கச்சேரி. இருபது வயதுப் பையனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவருக்கு வேண்டியிருந்தது ஜாஸ். போருக்குப் பிந்தைய வியன்னாவில் அது அமெரிக்கப் படைகளோடு சேர்ந்து வந்த இசை. அதற்கு முன்னால் நாஜிகள் அதை இழிவான இசை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். வியன்னாப் பையன்கள் சிலர் இரவில் கூடி அதை வாசித்துப் பழகினார்கள். அதில் குல்டாவின் நண்பர் ஒருவர் ஜோ சாவினுல், பின்னாளில் வெதர் ரிப்போர்ட் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். 1956-இல் குல்டா நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பிலேயே ஒரு சிறு குழுவோடு வாசித்தார். ஆல்டோ சாக்ஸபோனில் ஃபில் உட்ஸ். அதே வருஷம் நியூபோர்ட் ஜாஸ் விழாவிலும் வாசித்தார்.

அந்தப் பேர்ட்லேண்ட் பதிவைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கு. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். விரல்கள் அபாரம். ஆனால் ஃபில் உட்ஸ் வாசிக்கிற இடத்தில் தாளம் தானாக மிதக்கிறது, குல்டாவிடம் அது கொஞ்சம் யோசித்து வருகிறது. ஸ்விங் என்பது எழுத்தில் பிடிபடாத சமாச்சாரம். காகிதத்தில் இரண்டு சுரங்கள் சம அளவாக இருக்கும். வாசிக்கும்போது முதலாவது கொஞ்சம் நீளும், இரண்டாவது கொஞ்சம் தள்ளி வரும். எவ்வளவு தள்ளி என்பது வேகத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். வேகம் கூடக்கூட அந்த வித்தியாசம் குறையும். இதைக் கேட்டுத்தான் பிடிக்கணும். குல்டாவுக்கு இது தெரிந்தேதான் இருந்தது. அதனால்தான் பேரும் புகழும் வந்த பிறகும் கிளப்பில் போய் மாணவனாக உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன்.

அங்கே கற்றதை அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1960-களில் அவர் பதிவு செய்த மோட்சார்ட் கன்செர்ட்டோ எண் 21-ஐக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கிற இடங்களில்கூடப் பியானோ சேர்ந்து ஒலிக்கும். மெட்டு திரும்பி வரும்போது புதுப் பிருகாக்கள் ஒட்டிக்கொண்டு வரும். மோட்சார்ட் எலும்புக்கூடாக விட்ட இடங்களில் சதை பிடிக்கிறது. கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் இடிக்கத்தான் செய்யும். ஆனால் இதில் ஜாஸ் துளியும் இல்லை, எல்லாமே பதினெட்டாம் நூற்றாண்டு மொழி. ஜாஸிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது துணிச்சலை மட்டும்தான்.

இனி ஆசிரியர் குல்டா. 1955-இல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு சிறுமி அவரிடம் படிக்க வியன்னா வந்தாள். மார்த்தா ஆர்கெரிச். பாடம் முழுவதையும் டேப்பில் பதிவு செய்து, அப்புறம் இருவரும் சேர்ந்து கேட்பார்களாம். 'எது சரியில்லை, நீயே சொல்லு' என்பது முறை. ஒருமுறை ராவெலின் 'கஸ்பார் த லா நுயி'யைச் சில நாட்களில் தயார் பண்ணிக்கொண்டு வரச் சொன்னார். பியானோவில் மிகக் கடினமானவை என்று பட்டியல் போட்டால் முன்வரிசையில் நிற்கிற படைப்பு அது. அது கடினம் என்று அவளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை, படித்துக்கொண்டு வந்துவிட்டாள். 1957-இல் ஜெனீவா, புசோனி இரண்டு போட்டிகளிலும் முதலிடம்.

ஒரு ஆர்கெரிச்சோடு ஊர் திருந்திவிடாது இல்லையா? 1966-இல் வியன்னாவில் இளம் ஜாஸ் கலைஞர்களுக்கு ஒரு சர்வதேசப் போட்டியை முன்னின்று நடத்தினார். அதில் ஜெயித்த செக் நாட்டு பாஸ் கலைஞர் மிரோஸ்லாவ் விட்டோஷ், அதன்பின் பாஸ்டன் பெர்க்லி இசைப்பள்ளிக்குப் போய், நாலு வருஷத்தில் சாவினுலோடு சேர்ந்து வெதர் ரிப்போர்ட்டைத் தொடங்கியவர். 1968-இல் ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்தில், ஓசியாக் என்கிற ஏரிக்கரைக் கிராமத்தில், ஒரு சர்வதேச இசை அரங்கம் ஆரம்பித்தார். 1971-இல் அங்கே நடந்த விழாவில் பிங்க் ஃப்ளாய்ட்கூட வாசித்தது.

1969-இல் வியன்னா அகாதமி, தான் வளர்த்த பிள்ளைக்குப் பீத்தோவன் மோதிரம் என்ற விருதைக் கொடுத்தது. விழா மேடையிலேயே குல்டா அங்கே சொல்லிக்கொடுக்கிற முறையைத் தாக்கிப் பேசினார். சில நாளில் மோதிரத்தைத் திருப்பியும் கொடுத்துவிட்டார். இதை வெறும் திமிர் என்று சொல்கிறவர்கள் உண்டு. திமிர் இல்லாமல் இல்லை. ஆனால் பீத்தோவன் பேரில் விருது கொடுக்கிற கல்லூரி, பீத்தோவன் எதனால் பேர் வாங்கினாரோ அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்றால், கோபம் வராதா?

திட்டியதோடு நிற்கவில்லை. 1971-இல் 'ப்ளே பியானோ ப்ளே' என்று பத்துப் பயிற்சிகள் எழுதினார். செவ்வியல் பியானோ மாணவரை ஜாஸ் பக்கம் கைபிடித்து அழைத்துப்போகிற பாடங்கள். 1980-இல் செல்லோ கலைஞர் ஹைன்ரிக் ஷிஃப்புக்காக ஒரு கன்செர்ட்டோ எழுதினார். காற்றுக்கருவிகள், கூடவே கிட்டார், பாஸ், டிரம்ஸ். ராக், ஆல்ப்ஸ் மலை நாட்டுப்புற மெட்டு, மினுவெட், கடைசியில் பேண்டு வாத்திய மார்ச் என்று ஒரே கதம்பம். முதல் பகுதி எனக்கு இரண்டாவது தடவையே அலுத்துவிட்டது. ஆனால் நடுவில் இருக்கும் கடென்சா பெரிய விஷயம். அதில் இரண்டு இடங்களை எழுதாமல் விட்டிருக்கிறார், செல்லோக்காரர் தானாக வாசிக்க வேண்டும். பீத்தோவன் 1809-இல் சாத்திய கதவை அதே ஊர்க்காரர் ஒருவர் இரண்டு இடத்தில் திறந்து விட்டிருக்கிறார். ஆனால் இன்றைக்கும் பல செல்லோ கலைஞர்கள் அந்த இடத்துக்கு வீட்டிலேயே தயார் பண்ணி எடுத்துக்கொண்டு வருகிறார்கள் போலத்தான் என் காதுக்குக் கேட்கிறது.

1999-இல் தான் இறந்துவிட்டதாகத் தானே செய்தி பரப்பினார். பிறகு உயிர்த்தெழுந்த கொண்டாட்டம் என்று ஒரு கச்சேரியும் வைத்தார். இந்தக் கூத்துகள் எதுவும் எனக்கு ரசிக்கவில்லை. மோட்சார்ட்டின் பிறந்தநாளில் சாகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 2000 ஜனவரி 27 அன்று, அதே பிறந்தநாளில், 69 வயதில் இறந்தார்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், 1982-இல் மியூனிக்கில் சிக் கொரியாவோடு இரண்டு பியானோவில் வாசித்த 'தி மீட்டிங்'. என்ன வாசிப்பது என்று முழுசாகத் தீர்மானிக்காமல் இரண்டு பேர் உட்கார்கிறார்கள். ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் எடுக்கிறார், சில இடங்களில் இரண்டு பேருமே தடுமாறுகிறார்கள். பேர்ட்லேண்டில் யோசித்து வந்த தாளம், இங்கே யோசிக்காமல் வருகிறது. நடுவில் ஐம்பத்திரண்டு வயது குல்டாவும் இன்னும் கற்றுக்கொண்டிருப்பது கேட்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.